பார்க்காமல் ‘சரிவரும்’ என்று சொல்லாத பரீதா

கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பரீதாவின் கணவர் அழைத்தார். “தயாபரன், பரீதா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு மூதூரில அடக்கம்” என்றார். பரீதா மூன்று மாதமாக நோயோடு இருந்தவர்தான். என்றாலும், அடுத்த கிழமை வேலைக்கு வருவேன் என்று அவர் சொன்னதை நான் முழுதாக நம்பியிருந்தேன்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவிலுள்ள எங்கள் மின்சாதனக் கடைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பின்பக்க மேசையில், கழற்றிப்போட்ட டீவிகளுக்கு நடுவே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி இருப்பார். நான் விற்பவன், அவர் திருத்துபவர். யாராவது ஒரு பொருளைக் காட்டி, “இது எங்கட வீட்டில வேலை செய்யுமோ?” என்று கேட்டால், “டீவியின்ட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துட்டு வாங்க. பாக்காம நான் சொல்லமாட்டன்” என்பார். கைக்கு வந்த வியாபாரம் படியிறங்கிப் போவதைப் பார்த்து எனக்குப் பலமுறை எரிச்சல் வந்திருக்கிறது.

அவர் விடுமுறையில் இருந்த ஒரு நாள் தோப்பூரிலிருந்து செல்வராணி அக்கா வந்தார். லண்டனில் மகளுக்குக் கல்யாணம். அதை இணையத்தில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள். கணவர் பாரிசவாதத்தால் படுக்கையில் இருந்தார். கைபேசியின் சின்னத் திரை அவர் கண்ணுக்குப் பிடிபடாது. இணையத்தில் வருவதை டீவியில் காட்டும் பெட்டி ஒன்று வேண்டும் என்றார் அக்கா. “எங்கட டீவி பழசு, தம்பி. சரிவருமோ?” என்று கேட்டார். “ஓம் அக்கா, எந்த டீவியிலயும் வேலை செய்யும்” என்று சொல்லி விற்றுவிட்டேன்.

கல்யாண நாளன்று காலை, கடை திறக்கும் முன்பே அக்கா வாசலில் நின்றார். “இந்த வயரைச் செருக எங்கட டீவியில இடமே இல்லைத் தம்பி. வேறை ஆக்களிட்டயும் கேட்டுப் பாத்தனான். ஒருத்தருக்கும் ஏலாதாம்” என்றார். வேறு பெட்டி தருகிறேன் என்று நான் தொடங்கினேன். அன்று வேலைக்கு வந்திருந்த பரீதா இடைமறித்தார்.

“கலியாணம் எத்தின மணிக்கு?”

“எங்கட நேரத்துக்குப் பின்னேரம் மூண்டு மணி.”

பரீதா தன் மேசைக்குப் போனார். பழைய டீவிக்கு ஏற்றபடி இணைப்பை மாற்றித் தரும் சிறு கருவி, மூன்று நிற வயர்கள், கொஞ்சம் அரத்தாள் எல்லாவற்றையும் பையில் போட்டார். “நீங்களும் வாங்க, தயாபரன்” என்றார். கிண்ணியாவைத் தாண்டி, மூதூரைத் தாண்டி, மூவரும் பஸ்ஸில் போனோம்.

அக்கா வீட்டில் இருந்தது முதுகு புடைத்த பழைய டீவி. பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துவாரங்கள். படத்துக்கான மஞ்சள் துவாரம் துருவேறிக் கிடந்தது. பரீதா தரையில் உட்கார்ந்து அரத்தாளால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். முதலில் சத்தம் வந்தது. பிறகு படமும் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். மணி இரண்டரை.

“படம் வந்திட்டுது, காணும்தானே?” என்றேன்.

“மகள்ட கூறைச் சீலை என்ன நிறமெண்டு உம்மாவுக்குத் தெரிய வேணாமா?” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அந்தக் கருவியின் பக்கத்தில் ஒரு சின்ன விசை இருந்தது. வேறு நாட்டு டீவிகளுக்கான நிலையில் அது நின்றிருந்தது. முக்காட்டிலிருந்து ஊசியைக் கழற்றி அதைத் தள்ளினார். திரையில் நிறம் பரவியது. மூன்று மணிக்கு, அரக்குக் கூறையில் மகள் மணவறைக்கு வந்தாள். செல்வராணி அக்கா கட்டிலோடு சாய்ந்து நின்று கணவரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். நாள்கணக்காகப் பேசாதிருந்த மனிதர், “பிள்ளை மெலிஞ்சு போனாள்” என்றார். வாய் குழறினாலும் எங்கள் எல்லோருக்கும் அது விளங்கியது. பரீதா எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில், நான் பொய் சொல்லி விற்றதை அக்காவுக்கு முன்னால் ஏன் சொல்லிக் காட்டவில்லை என்று பரீதாவிடம் கேட்டேன். “பிழை விட்டது நீங்கதான். அதை அங்க சொன்னா படம் வந்திருக்குமா? இப்ப சொல்றன், கேளுங்க. தெரியாதெண்டா தெரியாதெண்டு சொல்லுங்க. அதில என்ன வெக்கம்?” என்றார். பிறகு பையிலிருந்து அக்கா கொடுத்துவிட்ட பலகாரத்தை எடுத்து எனக்குப் பாதி தந்தார்.

அடக்கத்துக்குச் செல்வராணி அக்காவும் வந்திருந்தார். இருவரும் தெருவோரம் நின்றோம்.

போன கிழமை குச்சவெளியிலிருந்து வந்த ஒருவர் அதே பெட்டியைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். “தெரியாது. வந்து பாக்கிறன்” என்றேன். கரையோர பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அந்த டீவியில் மூன்று நிறத் துவாரங்கள் இல்லை, அன்டெனா வயருக்கு மட்டுமே இடமிருந்தது. இந்தப் பெட்டி இதற்கு உதவாது, வாங்காதீர்கள் என்று சொன்னேன். அந்த மனிதர் சிரித்தபடி எனக்குத் தேநீர் ஊற்றினார். ஒன்றும் விற்காமல் வெறுங்கையோடு திரும்பினேன், மனதில் பாரமில்லாமல். பரீதாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். இதை நான் விடமாட்டேன்.