தனியாகத் தெரிகிறவர்

வந்தவாசிக்காரரான தமிழ்ச்செல்வனுக்கு ஹைதராபாதில் வேலைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் ஆங்கிலம் கேட்டால் புரியும், பேச வராது. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் அவர் பக்கம் திரும்பியதில்லை. அதனால்தான் மேனேஜர் கௌஷிக் எல்லோர் எதிரிலும் பெயர் சொல்லி அழைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தமிழ், இன் திஸ் டீம் யூ ஸ்டிக் அவுட் லைக் எ சோர் தம்ப்.”

இரண்டு பேர் குனிந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டிக் அவுட் என்றால் தனித்துத் தெரிவது. தம்ப் என்றால் கட்டைவிரல். வாட்ஸ்அப்பில் சபாஷ் சொல்ல எல்லோரும் அனுப்புகிறார்களே, அது. நடுவில் இருந்த சொல்லை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்கு வந்ததும் மனைவி கமலத்திடம் சொன்னார். “கூட்டத்துல நான்தான் தனியாத் தெரியறேனாம். மேனேஜரே சொன்னாரு.”

“இப்பவாவது அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சீங்களே” என்றாள் கமலம்.

பக்கத்து இருக்கை ஸ்மிதா ஹைதராபாதிலேயே, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவர் வார்த்தைக்குத் திணறும்போதெல்லாம் மெல்ல எடுத்துக் கொடுப்பவள். மறுவாரம் அவளை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவாகி, கேக் வெட்டினார்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களும் திரையில் இருந்தார்கள். ஆளுக்கொரு வார்த்தை சொல்லச் சொன்னபோது தமிழ்ச்செல்வன் தானாகவே எழுந்தார். அவரிடம் ஒரே ஒரு நல்ல வாக்கியம் இருந்தது.

“ஸ்மிதா ஸ்டிக்ஸ் அவுட் லைக் எ சோர் தம்ப்.”

திரையில் யாரோ சிரித்து, உடனே மைக்கை அணைத்தார்கள். ஸ்மிதாவின் முகம் வாடிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவர் இருக்கைக்கு வந்தாள். “நான் உங்களுக்கு என்ன பண்ணேன் சார்? கைக்கு... ஏன் அப்படிச் சொன்னீங்க?” படபடப்பில் அவள் பேச்சில் ஹைதராபாத் உருது கலந்துவிடும்.

“பாராட்டித்தானம்மா சொன்னேன்.”

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கோபம் வடிந்துபோனது. “சோர்னா புண்ணு சார். அடிபட்டு வீங்கின கட்டைவிரல் துருத்திக்கிட்டுத் தெரியும்ல, அந்த மாதிரி. கூட்டத்துல ஒட்டாம, அசிங்கமாத் தெரியறவங்களச் சொல்றது. நல்லவிதமாத் தெரிஞ்சா ஸ்டாண்ட் அவுட்னு சொல்லணும்.”

“அப்போ அன்னைக்கு கௌஷிக் என்னைச் சொன்னது?”

ஸ்மிதா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெள்ளைக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுடட்டுமா?”

“நக்கோ சார், வேணாம். விடுங்க. இன்னும் பெருசாயிடும்.”

மனசு கேட்காமல் கௌஷிக்கின் அறைக்குப் போனார். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த ஆங்கிலம் கதவைத் திறந்ததும் மறந்துவிட்டது. “சாரி சார். மீனிங் நாட் நோயிங்.”

“நோ இஷ்யூஸ், தமிழ்” என்றான் கௌஷிக், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். திங்கட்கிழமை முதல் அவருக்கு வேறு டீம் என்றும், அங்கே வாடிக்கையாளர்களோடு பேசும் தொல்லை இருக்காது, அவருக்கு வசதியாக இருக்கும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னான். எல்லாம் தெளிவாகப் புரிந்தது. “ஓகே சார்” என்று வெளியே வந்தார்.

மாலை வீட்டுக்குள் நுழையும்போதே கமலம் போனை நீட்டினாள். முகம் மலர்ந்திருந்தது.

“அண்ணன் லைன்ல இருக்காருங்க. உங்க மேனேஜர் சொன்னதை உங்க வாயாலயே கேக்கணுமாம்.”

தமிழ்ச்செல்வன் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“ஆமா மச்சான்” என்றார். “எல்லார் முன்னாலயும்தான் சொன்னாரு.”