ரோபோவில் கட்டிய எலுமிச்சம்பழம்

இன்று ஈப்போ நகருக்குப் போகும் பேருந்தில், நான் படித்த பல்கலைக்கழகத்தின் ரோபோ கால்பந்து அணி மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ரோபோ. அதில் ஓர் எலுமிச்சம்பழம்.

"எதுக்கும்மா இது?"

"தெரியல அங்கிள். டீம் ஆரம்பிச்சதுலேருந்து கட்டுறாங்களாம். கட்டலன்னா தோத்துருவோம்லா."



எண்பதுகளில், கால்பந்துக்கு வருமுன் வெறும் ரோபோ மன்றமாக இருந்த அந்த அணியைத் தொடங்கியவர்கள் நானும் நண்பன் சேகரும். எங்கள் முதல் ரோபோ, மோட்டாரும் பேட்டரியும் வைத்த பிஸ்கட் டின். புது வண்டிக்குக் கட்டுவதுபோல் சேகரின் அம்மா அதில் பழம் கட்டிவிட்டார்.

மலேசியாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களின் குண்டு பயம் இருந்த காலம். சுங்கை சிப்புட் சாலையில் ராணுவம் நாங்கள் போன பேருந்தை நிறுத்தியது. ஒரு சிப்பாய் என் மடியிலிருந்த டின்னைத் தொட்டதும் மோட்டார் தானாக உறுமியது. துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே வந்தது.

அப்போதுதான் அவர் பழத்தைப் பார்த்தார்.

"வெடிகுண்டுக்கு யாரும் பூசை போடமாட்டார்கள்" என்று மலாய் மொழியில் சொல்லி, துப்பாக்கியை இறக்கினார்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொல்வதற்குள், திடீரென்று பேருந்து நின்றது. முன்னால் போலீஸ் சோதனை. பழம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தது நான்தான்.

உங்கள் வண்டியில் தொங்கும் பழம் வெற்றிக்கா, உயிருக்கா?