ஐந்தடி நாலு அங்குலம்

பழைய பத்திரம் தேடிக் கோவை ஆவண அறைக்குப் போன நாளில்தான் அந்தக் கோபிசெட்டிபாளையத்துத் தையல்காரரைப் பார்த்தேன். கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வந்திருந்தார்.

பட்டாளத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடி வந்தவருக்குக் கிடைத்தது ஒற்றை வரி. பெயரும் நம்பரும் மட்டும். ஆனால் காங்கேயம் காளையைத் திருடி அந்தமானுக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு, கைதிப் பதிவேட்டில் முழுப் பக்கம். வீட்டில் அவர் பேச்சையே எடுக்க மாட்டார்களாம்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். நெற்றியில் தழும்பு, தாடையில் மச்சம், உயரம் ஐந்தடி நாலு அங்குலம்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் புடிங்க" என்று டேப்பின் நுனியைக் கொடுத்தார். தூணில் டேப் முழுக்க அளந்து, மேலே நாலு அங்குலம் கூட்டி, சட்டைப்பையிலிருந்த தையல் சாக்பீஸால் கோடு போட்டார். ஒட்டி நின்று பார்த்தார்.

"என்ற காதளவுக்கு வர்றாருங்க."

"பட்டாளத்துக்காரர் எவ்வளவு உயரம்?"

"அவருதான் தப்பே பண்ணலீங்களே. யாரு அளந்து வெப்பாங்க?"

கிளம்பும்போது தூணைப் பார்த்து, "போயிட்டு வாரேனுங்க" என்றார். கைதியின் பக்கத்தை நகலெடுத்து மடித்துப் பையில் வைத்திருந்தார். பட்டாளத்துக்காரரின் நகல் மேஜையிலேயே கிடந்தது. மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.