கோர்ட் கலையும் வரை

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானா, வெள்ளவத்தையில் என் வீட்டுப் படலைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"டீச்சர், நம்மட புறொக்டர் ஐயா மௌத்தாகிட்டாரு. ஊர்ல வச்சு. அவர்ட கந்தோருக்குத் தந்தி வந்திச்சு. நீங்க தெரிஞ்சிக்கணும்னு வந்தன்."

என் பக்கத்து வீடுதான் புறொக்டர் அம்பலவாணர் வீடு. ஒரு மாதத்துக்கு முன் யாழ்ப்பாணம் போகும்போது, முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வேலிக்கு மேலால் என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர். அவர் இறந்த செய்தி, வேலியைத் தாண்டி வராமல், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு காலத்தில் ஒரு வழக்கில் அவருடைய கட்சிக்காரர். இதைப் புறொக்டர் கேட்டிருந்தால், "ஏன் அவர் வந்தவர்? ஆர் அவரை அனுப்பினது?" என்று விசாரித்திருப்பார். ஒருவரும் அனுப்பவில்லை. நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

புதுக்கடை நீதிமன்றங்களில் அவரை அறிந்து, அவர் நினைவாக நான் எழுதும் இதை வாசிக்கும் உங்களுக்கு அவர் கறுப்புக் கோட்டும் குறைந்த பேச்சும் உள்ள ஒரு புறொக்டர். அந்த அம்பலவாணரை எனக்கு அதிகம் தெரியாது. நான் அறிந்தவர் காலையில் பத்திரிகையும் கையுமாக வேலியடிக்கு வருபவர். எனக்கு அப்போது நாற்பது வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, தனியாக இருப்பவள். யுத்தத்தில் ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்ட பிறகு அவர் மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார். பேச ஆளில்லாத இரண்டு வீடுகளுக்கு நடுவே அந்த வேலி நின்றது.

பத்திரிகையில் அவர் முதலில் வாசிப்பது யுத்தச் செய்தியை அல்ல, தீர்ப்புகளை. "தேங்காய் களவெடுத்தவனுக்கு மூண்டு மாசமாம், ரீச்சர். ஏன் மூண்டு? ஏன் ரெண்டரை இல்லை?" என்பார். முதலில் அதை வேடிக்கை என்று நினைத்தேன். ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பிள்ளையளுக்கு ஒரு வசனத்தை அம்பது தரம் எழுதச் சொல்லுறியள். நாப்பத்தெட்டோட ஒரு பிள்ளை திருந்தினால், மிச்சம் ரெண்டும் ஆருக்கு?"

"நாற்பத்தெட்டோடு திருந்தியதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

"அதைத்தான் நானும் இருவது வருசமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்று சிரித்தார்.

அவர் எடுத்த வழக்குகளில் பெரும்பகுதி, கீழ்க் கோர்ட் கொடுத்த தண்டனை அதிகம் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் அப்பீல்கள். ஆள் குற்றம் செய்யவில்லை என்று வாதாடுவதில் அவருக்கு அவ்வளவு ருசியில்லை. "பிழை பிழைதான். அதுக்கு எவ்வளவு எண்டதுதான் கேள்வி" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இந்தக் கேள்வி ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று நான் அறிந்தது மஹ்ரூப் நானாவின் வழக்கில். நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரே வழக்கும் அதுதான்.

அரிசிக்குக் கூப்பன் வந்திருந்த காலம். மஹ்ரூப் நானாவின் தம்பி காய்ச்சலில் இறந்துபோனார். இறந்தவருடைய கூப்பன் புத்தகத்தை, அதைக் கொடுத்த கந்தோரில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கவில்லை. அதுமட்டுமல்ல, வாரா வாரம் அந்தப் புத்தகத்தைக் காட்டிச் சங்கக்கடையில் அரிசியும் வாங்கியிருந்தார் நானா. பரிசோதகர் பிடித்தார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில், "சொல்ல ஏதும் உண்டா?" என்று கேட்டதற்கு நானா வாயே திறக்கவில்லை. ஊரெல்லாம் அரிசிக்கு நிற்கும் காலத்தில் செத்தவன் பேரில் அரிசி எடுத்துவிட்டு, ஒரு வருத்தமும் காட்டாமல் நிற்கும் ஆள் என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும். ஆறு மாதம் கடூழியச் சிறை. அப்பீல் விசாரித்து முடியும் வரை பிணையில் விட்டார்கள்.

அன்று பின்னேரமே அவரை அழைத்துக்கொண்டு புறொக்டர் என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"ரீச்சருக்கு முன்னால சொல்லும். அங்க ஏன் வாய் திறக்கேல்லை?"

நானா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "திறந்தா வீட்டுப் பொம்புளய சாட்சிக்குக் கூப்பிடுவாங்க, ஐயா. புஸ்தகம் அவட கையில. அவ இத்தாவுல ஈக்கிறா."

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களைப் பாராமல் இருப்பதுதான் இத்தா. புத்தகத்தை ஒப்படைக்க இறந்த தம்பியின் மனைவியே வந்து கையெழுத்திட வேண்டும் என்று கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். இத்தா முடியட்டும் என்று நானா பொறுத்திருக்கிறார்.

"பொறுத்தது சரி. அரிசியை ஏன் எடுத்தனீர்?"

நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"இஞ்ச பாரும். மேல்கோட்டார் தண்டனையைக் குறைக்கவும் ஏலும், கூட்டவும் ஏலும். சும்மா 'கூடிப்போச்சு' எண்டு எழுதிக்கொண்டு போக ஏலாது. இத்தாவையாவது எழுத விடும்."

"வேணாம், ஐயா. ஆறு மாசம் நான் ஈந்துட்டு வாரன். வீட்டுப் பொம்புளட பேரப் புதுக்கடையில வாசிக்கிறது சரிவராது."

"நீர் உள்ள போனால் அந்த வீட்டில உழைக்கிறது ஆர்?"

"அல்லா ஈக்கிறான்."

"ஓம், இருக்கிறார். அவர் தைப்பாரோ?" என்றார் புறொக்டர். பிறகு குரலைத் தணித்தார். "உமக்கு வேண்டாம். விளங்குது. அவவுக்கும் வேண்டாமோ? அவவைக் கேட்டனீரோ?"

"நான் எப்பிடிக் கேக்கிற? உம்மாட்டச் செல்லித்தான் ஒரு தேத்தண்ணி கேக்கிறதும்."

அப்போதுதான் புறொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது: தாயின் வழியாக அல்லாமல் அவளிடம் நேரே கேட்க ஒரு பெண் வேண்டும்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுக்குப் போனோம். முன் அறையில் தையல் மெஷின். அதற்குப் பின்னால் கயிற்றில் தொங்கும் ஒரு பழைய போர்வை. புறொக்டரும் நானாவும் வெளியே நிற்க, நான் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். தம்பி மனைவி ரஹீமாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை. மடியில் ஒரு பிள்ளை. இன்னொன்று பாயில் தூக்கம். அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"டீச்சர் இரிங்க. கலியாணம் முடிக்கல்லயாம், மாமி சென்னாங்க. அப்ப உங்களுக்கு இத்தாவும் இல்ல, இந்தத் தொல்லையும் இல்ல," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் பேர் மனுவில் வருவதை நானா விரும்பவில்லை என்றும் சொன்னேன்.

"மச்சான் நல்ல மனுசன். மாமியும் நல்லம். எல்லாரும் என்னக் காப்பாத்துறாங்க, டீச்சர். ஒத்தரும் என்னட்டக் கேக்கல்ல." பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "நான் இத்தாவுல ஈக்கிறது களவா? அதச் செல்ல என்னத்துக்கு வெக்கம்? செல்லுங்க."

"அந்த அரிசி?"

அவள் எழும்பி, மூலையில் இருந்த ஒரு வெற்றுப் பானையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "அவர்ட அரிசி எல்லாம் இதுலதான் போட்டு வச்சன். நாப்பதாம் கத்தத்துக்குச் சோறு ஆக்கி ஏழைகளுக்குக் கொடுக்கணுமே. கடையில அரிசி ஏது? அவர்ட அரிசி, அவருக்காகவே ஆக்கிக் கொடுத்தம். ஊட்டுல ஒத்தரும் தின்னல்ல." பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இல்ல. ஒரு நாள் புள்ளைகளுக்குப் பசி தாங்கல்ல. ஒரு சுண்டு எடுத்தன். அது மச்சானுக்குத் தெரியாது. அதயும் எழுதுங்க."

கத்தம் என்பது இறந்தவர் பேரில் ஓதி ஏழைகளுக்குச் சோறு கொடுப்பது. சுண்டு என்பது சிகரெட் டின் அளவு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு.

நான் வெளியே வந்ததும், அவள் என்ன சொன்னாள் என்று புறொக்டர் கேட்கவில்லை. "நீங்கள் எதிர்பாராதது என்ன? முதல் அதைச் சொல்லுங்கோ," என்றார். பானையைச் சொன்னேன். அவர் நானாவைப் பார்த்தார். "கத்தத்துக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"மௌத்தானவர்ட பேர்ல கொடுத்தத நம்மட தப்புக்குச் சாட்டாச் செல்ற எப்பிடி, ஐயா? கொடுத்தது பாழாப் போகும்."

பஸ்ஸில் திரும்பும்போது, மனு எழுதுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஒரு சுண்டைப் பற்றிச் சொல்லி, அதை விட்டுவிடுவோம் என்றேன் நான். அது எங்கள் பக்கத்தைக் கெடுத்துவிடும், தண்டனையைக் கூட்டினாலும் கூட்டிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"நேற்றுத் தொடங்கி நானும் அந்தப் பயத்தோடதான் இருக்கிறன். ஆனால் அதை விட்டால் மற்றதை ஆர் நம்புவினம், ரீச்சர்? அதோட, அவ எழுதச் சொன்னவ. வெட்ட எங்களுக்கு என்ன உரிமை?"

ரஹீமாவின் வாக்குமூலத்துக்குச் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. பள்ளிவாசலைச் சேர்ந்த ஒரு முதியவர் சமாதான நீதவானாக இருந்தார். அவர் போர்வைக்கு வெளியே நாற்காலியில் இருந்து வாசித்தார். உள்ளேயிருந்து அவள், "ஓ, அது நான் சென்னதுதான்," என்று உரத்துச் சொன்னாள். பேசியதும் ஒப்பமிட்டதும் இந்தப் பெண்தான் என்று நான் சாட்சி. அவள் தன் பெயரை அரபு எழுத்தில் எழுதினாள். எனக்கு வாசிக்கத் தெரியாத ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். முன் அறையில் நானா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சுண்டு என்ற இடம் வந்தபோது அவர் தோள் அசைந்தது. அன்று பின்னேரம், தன் பங்கு அரிசியில் ஒரு சுண்டைத் தாயின் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாராம். ரஹீமா பிறகு என்னிடம் சொன்னாள்: "திருப்பி அனுப்பினன். அவரு திருப்பி அனுப்பினாரு. மாமி கடைசில ஏசிட்டுக் கஞ்சி காச்சிட்டா."

சுப்ரீம் கோர்ட்டில் புறொக்டர்மார் பேச முடியாது. அங்கே அவருக்காகப் பேசிய அட்வகேட், நீதியரசர் அந்த வாக்குமூலத்தை இரண்டு தடவை வாசித்ததாகச் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் மனதைத் திருப்பியது இத்தாவா, கத்தமா, அந்த ஒரு சுண்டா என்று புறொக்டர் மாதக்கணக்காக வேலியடியில் யோசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒன்று என்பார், மறுநாள் மற்றது என்பார். தீர்ப்பு இரண்டு வரி: குற்றம் குற்றமே, ஆறு மாதம் நீக்கப்படுகிறது, பதிலாகக் கோர்ட் கலையும் வரை சிறை.

அப்படி ஒரு தண்டனை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். குறித்த நாளில் குற்றவாளி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து, அன்றைய வேலை முடிந்து மாஜிஸ்திரேட் எழும்பும் வரை அங்கேயே இருக்க வேண்டும். வெளியே போக முடியாது. அவ்வளவுதான்.

அன்று பள்ளிக்கூட விடுமுறை. அது எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நானும் போனேன். நானா சுவரோரமாக ஒரு பெஞ்சில் இருந்தார். அதே பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில், புறொக்டர். அவருக்கு அங்கே அன்று ஒரு வழக்கும் இல்லை. கையில் பத்திரிகைகூட இல்லை. மற்றப் புறொக்டர்மார் வந்து கேட்டார்கள்: "என்ன அம்பலவாணர், உம்மையும் மறிச்சுப் போட்டாங்களோ?" அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாடு, வாய்ச்சண்டை, வாடகை. மின்விசிறி சுற்றியது, நின்றது, சுற்றியது. எனக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, பிறகு பசியும் போய்விட்டது. மத்தியான இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபோதும் அந்த இரண்டு பேரும் அசையவில்லை. நானா ஒரு தடவை மெதுவாக, "ஐயா, நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க," என்றார். "இரும், இரும்," என்றார் புறொக்டர். வெயில் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள், நான் என் பிறந்த ஊர், தவறவிட்ட இரண்டொரு காரியங்கள், வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டேன். இன்னும் கோர்ட் கலையவில்லை.

கடைசியில் மாஜிஸ்திரேட் எழும்பினார். எல்லோரும் எழும்பினார்கள். நானா மட்டும் எழும்பவில்லை. எழும்பலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. புறொக்டர் அவர் முழங்கையைப் பிடித்தார். "எழும்பும். முடிஞ்சுது."

வாசலில் ரஹீமா நின்றாள். இத்தா அதற்கு முன்பே முடிந்திருந்தது. சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். "மச்சான், வாங்க," என்றாள். தாயின் வாய்வழியாக அல்லாமல் அவரோடு நேரே பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவர்கள் முன்னும் பின்னுமாகத் தெருவில் இறங்கிப் போனார்கள்.

புறொக்டரோடு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தேன். நீங்கள் ஏன் நாள் முழுக்க அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் காலை உதறி உதறி நடந்தார், விறைத்திருந்தது போலும்.

"ஆறு மாசம் கூட எண்டு எழுதினவன் நான். ஒரு நாள் எவ்வளவு நீளம் எண்டு அறியாமல் எழுதினதெண்டு அங்க இருக்கேக்கைதான் விளங்கினது, ரீச்சர்."

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது அந்த நாள். இப்போது ஒருவருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று பத்திரிகையில் வாசிக்கும்போது, முதலில் அந்தப் பெஞ்சில் ஒரு நாள் இருந்து பார்க்கிறேன். இரண்டாவது நாளுக்குப் போய்ச் சேர இன்னும் என்னால் முடியவில்லை.