நாற்பதா, தொண்ணூறா? அக்காவின் பரீட்சைக்கு முன் நான் ஊற்றிய ஆயில்

இன்று காலை ஆயில் கடை கவுன்டரில்...

"சார், மினரலா? செமி சிந்தெடிக்கா? ஃபுல் சிந்தெடிக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

நான் முழித்த முழியைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் சிரித்தேவிட்டார்!

அவருக்குத் தெரியாது, எண்பதுகளின் தொடக்கத்திலேயே நான் இப்படி முழித்தவன் என்று.

அப்போது நாங்கள் கீழ்பென்னாத்தூரில் இருந்தோம். நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன் (அதாவது, சும்மா இருந்தேன்).

கஸ்தூரி அக்காவின் கணவர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து கிளம்பும்போது, தன் பெரிய மோட்டார் சைக்கிளை என் கையில் ஒப்படைத்தார்.

"மச்சான், உங்க அக்காவ பரீட்சைக்கு இதுலயே கூட்டினு போ. அதுக்கு முன்னால ஆயில மட்டும் மாத்திடு."

"சரி மாமா" என்றேன். எந்த ஆயில் என்று கேட்கவில்லை. (கேட்டால் மரியாதை என்ன ஆவது!)

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. தனித்தேர்வு எழுதவிருந்தாள். பாஸானால் பால்வாடி வேலைக்கு மனு போடலாம் என்பது அவள் கனவு.

சென்டர் திருவண்ணாமலையில். காலை பஸ்ஸோ, கூட்டத்தோடு வந்தால் எங்கள் ஸ்டாப்பில் நிற்கவே நிற்காது. வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேலையில் இறங்கினேன்.

வண்டிக்கு அடியில் புகுந்து, தட்டுப்பட்ட போல்டை எல்லாம் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தேன். ஒன்றல்ல, மூன்று இடத்திலிருந்து ஆயில் வந்தது!

அப்புறம்தான் உறைத்தது: இப்போது எதில் எதை ஊற்றுவது?

மாமாவுக்கு அன்றே ஒரு கடிதம் போட்டேன். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? நேராக பெட்ரோல் பங்க்குக்கு நடந்தேன்.

"இதுல என்ன தம்பி குழப்பம்? ஆயில பெட்ரோல்லயே கலந்துடு" என்றார் பங்க்காரர்.

"அது சின்ன வண்டிக்குங்க. இது பெரிய வண்டி."

"அப்ப ஜாஸ்தியா கலந்துடு!"

அங்கிருந்து டிராக்டர் ஓட்டும் சேகர் அண்ணனிடம் போனேன். "நம்ம ஊரு வெயிலுக்கு ஆயிலு நல்லா கெட்டியா இருக்கணும். தண்ணி மாதிரி இருந்தா இஞ்சின் காலி" என்றார்.

கடைசியாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை ரஹீம் பாய். "நாப்பதா, தொண்ணூறா?" என்று கேட்டார்.

"என்னது பாய்?"

"ஆயில் நம்பருப்பா. நாப்பது இஞ்சினுக்கு, தொண்ணூறு கியர் பொட்டிக்கு. எந்தப் பொட்டி எதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் பாய்" என்றேன்.

(தெரியாது.)

இரண்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். இஞ்சினில் நாற்பதை ஊற்றினேன். அதுவரைக்கும் சரி. இடது பக்கம் வட்டமாக ஒரு பெரிய பெட்டி இருந்தது. இவ்வளவு பெரிதாக இருப்பதுதான் கியர் பெட்டி என்று முடிவு கட்டித் தொண்ணூறைக் கவிழ்த்தேன். மிச்சமிருந்த பெட்டிக்கு மிச்சமிருந்த நாற்பது!

உதைத்தேன். ஸ்டார்ட் ஆனது! கியர் போட்டு ரோட்டுக்கு வந்தேன்.

எதிரே ரோட்டில் பாதியை அடைத்து வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். கிளட்ச்சை அழுத்தினேன்.

வண்டி நிற்கவில்லை. முழுசாக அழுத்தினேன். அப்போதும் என்னை இழுத்துக்கொண்டே போனது. பதற்றத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது!

கடலை நடுவே போய்ச் சாய்ந்தேன்.

"யோவ், கண்ணு இருக்குதா இல்லியா? மல்லாட்ட மேலயே ஏத்திட்டியே!" என்று ஓடிவந்தார் கடலைக்குச் சொந்தக்காரம்மா.

மன்னிப்புக் கேட்டு, சிதறியதையெல்லாம் உட்கார்ந்து கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். முட்டியில் ரத்தம். அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தால்?

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வாசலில் முடங்கிக் கிடந்தது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமாவின் இன்லேண்ட் லெட்டர் வந்தது. நலம் விசாரிப்பு ஒரு பக்கம். ஆயிலுக்கு ஒரே ஒரு வரி:

"எந்த ஓட்டையில் எது என்று எனக்கே குழப்பம் வரும். உன் அக்காவைக் கேள்."

மூன்று தடவை படித்தேன். பிறகு தயங்கித் தயங்கி அக்காவிடம் போனேன்.

அவள் பேனாவைப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள். இடது பெட்டியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இது கிளட்ச் பொட்டிடா. இதுக்கு இஞ்சின் ஆயிலத்தான் கொஞ்சமா ஊத்தணும். கியருக்கு ஊத்தறத இங்க ஊத்தி வச்சிருக்கியே, பிளேட்டெல்லாம் ஒட்டிக்கும். அப்புறம் கிளட்ச்ச அழுத்தினா வண்டி எப்படி நிக்கும்?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உங்க மாமா ஆயில் மாத்தறப்ப எல்லாம் புனல் புடிச்சது யாரு?"

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ ஊரையே கேட்ட. என்னக் கேட்டியா?"

அவள் சொல்லச் சொல்ல, இரண்டு பெட்டியையும் வடித்தேன். கிளட்ச் பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அதற்கு நாற்பது, கியர் பெட்டிக்குத் தொண்ணூறு. கிளட்ச்சை அழுத்தினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது!

பரீட்சை நாட்கள் அத்தனையும் மணி அடிப்பதற்கு அரை மணி முன்னாலேயே அவளைச் சென்டரில் இறக்கிவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. அக்கா பாஸ்!

"என்னக்கா வேணும், கேளு" என்றேன்.

புடவையோ வளையலோ கேட்பாள் என்று பார்த்தால், "வண்டி ஓட்டக் கத்துக்குடு" என்றாள்.

வறண்டு கிடந்த ஏரிக்குள் ஒரு மாதம். கிக் அடிப்பது நான், ஓட்டுவது அவள். விழுந்தாள், எழுந்தாள், திட்டினாள் (என்னைத்தான்). மாதக் கடைசியில் கிக்கையும் அவளே அடித்தாள்.

அடுத்த லீவுக்கு மாமா வந்து திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். டிரங்குப் பெட்டியை ஏற்றிவர நான் பஸ்ஸில் போயிருந்தேன்.

டபடபவென்று அந்த வண்டி வந்து எங்கள் முன்னால் நின்றது. ஓட்டிவந்தவள் அக்கா!

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்னால் உட்காருவதா, பின்னால் உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அக்கா கிளட்ச்சைப் பிடித்தபடி சொன்னாள்:

"கால அந்தப் பக்கம் போட்டு உக்காருங்க. கெட்டியா புடிச்சிக்குங்க."