மீதி இல்லாத கணக்கு

இன்று காலை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு வாங்கிப் போடுகிற புளி. உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய வேலை என்று சொல்லி என் மருமகள் இதை என் தலையில் கட்டிவிடுவாள். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும், இடுப்பு என்ன பாடு படுகிறதென்று. நடுவில் ஒரு வெற்றிலை போட்டேன். சுண்ணாம்பு விரலைத் துடைக்காமல் மறுபடியும் புளியில் கை வைத்துவிட்டேன் போலிருக்கிறது. கொட்டைகளை அள்ளும்போது பார்த்தால், ஒன்றின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு. கை அப்படியே நின்றுவிட்டது. "நைனா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

புளியங்கொட்டையைப் பார்த்து அப்பாவைக் கூப்பிடுகிறாளே, கிழவிக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நேராக ஒரு கதையைச் சொல்லி முடிக்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேட்கவைத்துக் கெட்டுப்போன வாய் இது. நடுவில் எங்காவது போய்விட்டால் இழுத்துக்கொண்டு வந்து விடுங்கள்.

கோலார் தங்க வயலுக்கு ரயில் வந்த புதிது. மின்சார விளக்கு இன்னும் வரவில்லை. மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பக்கம் எங்கள் வீடு. வீடு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூங்கில் தட்டியை நிறுத்தி மேலே புல்லைப் போட்டால் அதுதான் வீடு. பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் எங்களுக்குக் கண் எரியும். மில்லில் கல்லை இடிக்கிற இரும்பு உலக்கைகள் ராப்பகலாக இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். என்றைக்காவது அது நின்றால் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழும்.

வீட்டில் நான்கு பேர். அம்மா, நைனா, நைனாவின் அக்காவான என் அத்தை, நான். அத்தைக்கு மில்லில் கல் பொறுக்குகிற வேலை. பொன் உள்ள கல் ஒரு பக்கம், வெறுங்கல் ஒரு பக்கம். பெண்பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அங்கேதான் போவார்கள். அத்தை என்னையும் கூட்டிப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிந்த நல்லது அது. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. அம்மா ஆற்காட்டுப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் மூன்று வகுப்பு படித்தவள். எங்கள் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடமோ பையன்களுக்கு மட்டும். ஆகவே அடுப்படியிலேயே அம்மா எனக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்துவிட்டாள்.

"எழுதிப் படிச்சு இன்னா பண்ணப் போறா ஏம்மே, கல்லு மேல பேரு எழுதப் போறாளா?" என்பாள் அத்தை.

"எழுதினா எழுதட்டும்க்கா" என்பாள் அம்மா. அவ்வளவுதான். அம்மா சண்டை போடமாட்டாள். செய்வதைச் செய்துகொண்டே இருப்பாள்.

பலகை கிடையாது, பலப்பம் கிடையாது. வாசலில் பாண்டி கோடு போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து எழுதுவாள். அவள் ஒரு சொல்லைச் சொன்னால் நான் நொண்டியடித்து அந்த எழுத்துகளில் குதிக்க வேண்டும். 'பணம்' சுலபம். 'பட்டாணி'க்குக் காலே முறிந்துபோகும். இன்றைக்கும் எனக்கு வலது காலில் பலம் அதிகம். கால், அரை, முக்கால் எல்லாம் களியில் படித்தேன். கேழ்வரகுக் களி உருண்டையைத் தட்டில் வைத்து, "பாதியில பாதி எடு" என்பாள். சரியாக எடுத்தால் சாப்பிடலாம். தப்பாக எடுத்தால் அம்மா அதைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு வாய் சாப்பிட்டுவிடுவாள். பசிக்கிற பிள்ளைக்குப் பின்னம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை எனக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

புத்தகம்? அது கடைக்காரர் புண்ணியம். மிளகாயும் வெல்லமும் கட்டிவருகிற காகிதத்தை அம்மா நீவி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிடுவாள். அதுதான் எனக்குப் பாடம். எந்தக் கதைக்கும் முடிவு இருக்காது. முடிவு வேறு யார் வீட்டு மிளகாயோடோ போயிருக்கும். ஒரு ராஜாவின் பட்டத்து யானை காணாமல் போன கதை ஒன்று இருந்தது. 'யானையைக் கண்டவர் எவரேனும்' என்ற இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. வரிசை வீடுகள் எல்லாம் ஏறி இறங்கித் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, ஆளுக்கு ஒரு முடிவு கட்டினோம். படிப்பு எதற்கு என்று கேட்ட அத்தைதான் முதலில் கட்டினாள். "அந்த யானை இங்கதான் வந்துச்சு. பாய்லர் இழுக்கச் சொன்னாங்க. ஒரு ஷிப்ட்டு கூட முழுசா செய்யாம பூதிகோட்டைப் பக்கம் கரும்பு தின்னப் போயிடுச்சு." அதிலிருந்து அத்தை சம்பளத்தன்று சாமான் வாங்கிவந்தால் முதலில் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தைத்தான் என்னிடம் நீட்டுவாள். "இதுல இன்னா கீது, படி." மிளகாய் நெடியில் நான் தும்மித் தும்மிப் படிப்பேன்.

எங்கேயோ போய்விட்டேன். புளியங்கொட்டைக்கு வருகிறேன்.

கணக்குதான் எங்கள் வீட்டில் பெரிய விளையாட்டு. நைனாவுக்குச் சுரங்கத்தின் அடியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் மேலே வருவது கேஜில். இரும்புக் கூண்டு அது. கீழே நின்று ஆட்களை ஏற்றி, கதவைப் போட்டு, மணிக் கயிற்றை இழுப்பார் நைனா. மூன்று மணி அடித்தால், 'உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துத் தூக்கு' என்று மேலே இருக்கிறவருக்கு அர்த்தம். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசிக் கேஜில்தான் நைனா ஏற வேண்டும். அது அவர் வேலையின் ஒழுங்கு.

இதை அப்படியே அம்மா வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். புளியங்கொட்டைகள் ஆட்கள். கூரை மூங்கிலில் கயிற்றைப் போட்டு அதன் முனையில் கட்டிய கொட்டாங்கச்சி கேஜ். ஒரு தடவைக்குப் பத்துப் பேர். பத்து சேர்ந்தால் கச்சி மேலே போகும். அதுதான் கூட்டலில் பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது. கழித்தலில் ஆள் பற்றவில்லையா, மேலேயிருந்து கேஜ் இறங்கும், பத்துப் பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். நான் ஒவ்வொரு தடவையும் பித்தளை டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவேன். ஒரு கொட்டைக்கு மட்டும் நைனா சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கொடுத்தார். "இது நான்." அந்தக் கொட்டை எப்போதும் கடைசியாகத்தான் ஏறும்.

வகுத்தல் ஆரம்பித்த அன்றைக்குத்தான் வம்பு. இருபத்து மூன்று கொட்டைகளை அம்மா கொட்டினாள். பத்து ஏறியது. இன்னொரு பத்து ஏறியது. கீழே மூன்று. "ரெண்டு தடவ போச்சு, மீதி மூணு. அவ்ளோதான் கணக்கு" என்று அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அந்த மூன்றில் வெள்ளைப் பொட்டு இருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள்.

வேலை முடிந்து அப்போதுதான் வந்த நைனா விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, "கச்சிய எறக்கு" என்றார். அந்த மூன்று பேரையும் ஏற்றி மேலே இழுத்தார். "மூணு தபா. கீழ ஆள உட்டுட்டு வர்ற கணக்கு நமக்கு வேணாம்."

"ஏங்க, பரீட்சையில அப்டி எழுதினா தப்புன்னுவாங்க" என்றாள் அம்மா.

"அப்ப பாத்துக்கலாம்."

அந்த 'அப்ப' வந்தது. பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கிற பள்ளி ஒன்று வேலூர்ப் பக்கம் இருந்தது. அங்கிருந்து ஓர் ஆசிரியை வந்து, ஜெபக் கூடத்தில் உட்கார்ந்து, படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார்கள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் நான் அத்தையோடு மில்லில் இருப்பேன். அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நைனா காலை ஷிப்ட் முடித்து நேராக அங்கேயே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியை ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கோபக்காரி மாதிரி இருந்தாள். கோபக்காரி இல்லை, பாவம். ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் குலுங்கி வந்ததில் அவளுக்கு முதுகு வலி. இப்போது எனக்கும் அந்த முகம்தான். ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முதலாக முழுப் புத்தகம் என் கையில். கடகடவென்று படித்தேன். பக்கம் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. வழக்கம்போல மேற்கொண்டு என் பாட்டுக்கு ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க அப்படி இல்லையேம்மா."

"எங்க வூட்ல அந்தப் பக்கம் வராதுங்க."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. பலகையில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தாள். நாற்பத்து மூன்றைப் பத்தால் வகுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. தலைத்துண்டில் சுரங்க வெளிச்சத்துக்கு வைத்த மெழுகுவர்த்தித் துண்டு களிமண்ணோடு ஒட்டியிருக்க, ஆட்கள் கும்பல் கும்பலாகக் கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நைனாவைக் காணவில்லை. நான் வாசலைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன். ஐந்து என்று எழுதினேன்.

"தப்பு. நல்லாப் பாரு. நாலு, மீதி மூணு. மீதின்னா தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எழுது."

நான் எழுதவில்லை. கதவோரம் நின்ற அம்மா, "எழுதும்மா, எழுதுடி கண்ணு" என்று கெஞ்சினாள். ஆசிரியை மறுபடியும் கேட்டாள், ஏன் எழுதமாட்டேன் என்கிறாய் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மீதி மூணுல எங்க நைனா கீறாருங்க. இன்னும் மேல வரல."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா வாயைத் திறந்து கொட்டைக் கதையையும் கொட்டாங்கச்சிக் கதையையும் சொல்லப் பார்த்தாள். பாதியில் அவளும் வாசலைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆசிரியை பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள். போச்சு என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், அவள் முகத்திலேயே தெரிந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. நைனா. தலையிலிருந்து கால் வரை கல்தூள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கூடத்துக்குள் அழுக்குக் காலோடு வரக் கூச்சம். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் ஓரத்தில் கிடந்த பலகையையும் பார்த்தவுடனே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எழுதும்மா. மீதி மூணுன்னு எழுது. நாங்கதான் ஏறி வந்துட்டமே. இதோ நிக்கிறேன் பாரு."

சொல்லிவிட்டு நிலைக்கட்டையில் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினார்.

நான் எழுந்துபோய்ப் பலகையை எடுத்து ஐந்தை அழித்தேன். நாலு, மீதி மூன்று என்று எழுதினேன். ஆசிரியை அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு நைனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த மீதி?"

"ஆமாங்க. நாந்தான் கடைசியா வர்றது."

"பிள்ளைக்கு ரெண்டு பாவாடை, ஒரு சொம்பு குடுத்து அனுப்புங்க" என்றாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அந்தப் பள்ளிக்குக் கிளம்பிய அன்று அத்தை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ரயிலடிக்கு வந்தாள். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை மடியில் திணித்தாள். "காயிதத்தப் பத்திரமா பிரி. யானை அதுல கீதோ இன்னாவோ." வண்டி நகர்ந்ததும் பிரித்துப் பார்த்தேன். மாட்டுக்கு வரும் கோமாரிக்கு மருந்து விளம்பரம். யானை இன்றுவரை கிடைக்கவில்லை.

போன வருஷம் அங்கே போய்வந்தேன். எங்கள் தட்டி வீடுகள் இருந்த இடத்தில் பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற சயனைடு மண்ணைக் கொட்டிக் கொட்டி ஒரு குன்றே நிற்கிறது. பாண்டி ஆடிய வாசல் அதன் அடியில் எங்கேயோ. நைனா இறங்கிய சுரங்க ஷாஃப்டை மூடிச் சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டார்கள். மணிக் கயிறு இல்லை. ஜெபக் கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அந்த நிலைக்கட்டை என்ன ஆனதென்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை போய், அம்மா போய், கடைசியாகத்தான் நைனா போனார். தன் கட்டிலில், தூக்கத்தில்.

காலையில் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தேன். கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது, பொட்டு வைத்ததோடு சேர்த்து. மருமகள் துடைப்பத்தோடு வந்து, "இதக் கூட்டித் தள்ளிடட்டுமா அத்தே?" என்றாள்.

"இரு" என்றேன். தேங்காய் துருவிவிட்டு அவள் போட்டிருந்த கொட்டாங்கச்சி ஒன்று பக்கத்தில் கிடந்தது. மிஞ்சியதை எல்லாம் அதில் அள்ளிப் போட்டேன். பொட்டு வைத்ததைக் கடைசியாகப் போட்டேன். பிறகு தண்ணீர் டம்ளரை இழுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று தட்டுத் தட்டினேன்.