சித்தப்பாவின் இரண்டு கதவுக் கார்

எங்கள் சித்தப்பா கல்யாணத்துக்கு முன்பே ஒரு காரைக் கட்டிக்கொண்டுவிட்டார் என்று அப்பா கேலி செய்வார். நாடு திரும்பிய ஓர் அமெரிக்கரிடம் வாங்கிய பழைய கூப்பே வகைக் கார். நீண்ட மூக்கு, குட்டை வால், இரண்டே கதவு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி அதன் சரித்திரத்தைச் சொல்லுவார். அமெரிக்க இளசுகளுக்குத் தகப்பன்மாரின் பெட்டிக் கார் அலுத்துப் போயிற்றாம். அதனால் பின்கதவுகளை எடுத்துவிட்டு முன்கதவை நீட்டினார்களாம். பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண்கூட இல்லையாம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "பின்னாலை இருக்கிற சனம் எப்பிடி இறங்கிறது?"

கல்யாணத்தன்று சித்தப்பா தானே ஓட்டுவேன் என்று நின்றார். கூரை தாழ்வு, தலைப்பாகை அப்பாவின் மடியில் வந்தது. பின்னால், தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டோடு மாப்பிள்ளைத் தோழியாக அத்தை. மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் நான். மண்டப வாசலில் முன்னிருக்கை மடிய மறுத்துவிட்டது. சித்தப்பா இழுத்தார், அப்பா உதைத்தார். உள்ளே முகூர்த்தம் முடியப்போகிறது என்று ஐயர் கத்தினார்.

"அக்கா, தட்டையாவது தாங்கோ," என்று சித்தப்பா கெஞ்சினார்.

"தோழி இல்லாமல் தட்டு வராது," என்றார் அத்தை.

கடைசியில் அந்தத் தூணில்லாத பக்கம்தான் கைகொடுத்தது. கண்ணாடியை இறக்கி நாலு பேர் பிடித்து இழுக்க, தட்டை உயர்த்தியபடி பாதி வெளியே வந்த அத்தை, "பொறுங்கோ, இது இடக்கால்!" என்று திரும்ப உள்ளே போய்விட்டார். வலக்காலை முதலில் நீட்டிய பிறகே முழுதாக இறங்கினார். மேளகாரர் அடிக்க மறந்து பார்த்தார்கள். மணப்பெண்ணின் தம்பி, மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்போடு நின்றவர், சிரித்த சிரிப்பில் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார்.

தாலி ஒருவழியாக நேரத்துக்கு ஏறியது. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு யார் காரில் ஏறப் பார்த்தாலும் சித்தப்பா, "ஏலாது, சீற் மடியாது," என்பார்.

ஒருநாள் அவரும் சித்தியும் அரிசி மூட்டையை ஏற்றும்போது அந்த இருக்கை ஒரு விரலுக்கே மடிந்ததைக் கண்டேன். "சித்தப்பா, சீற் சரி வந்திட்டுது! நானும் வாறன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சித்தி என் கையில் ஒரு சொக்கலேட்டைத் திணித்து, "ஒருத்தருக்கும் சொல்லாதையணை," என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அத்தை குடும்பமும் நாங்களும் சுவருக்குச் சுவர் பாய் விரித்துப் படுத்த அந்த வீட்டில், அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேறு இடமே இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.